அருவாமூக்கனுக்குப் பட்டா

தாழங்கொல்லை,
ஒரத்தநாடு வழி.
29-10-72

அல்லா பிச்சை மச்சானுக்கு வைரக்கண்ணு எழுதிக்கிட்டது.

நான் நல்லா இருக்கேன். தங்கம்மா நல்லா இருக்கா. நீயும் நல்லா இருக்கேன்னு கேள்விப்பட்டேன். அதுலேருந்துதான் ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல.

கருவாட்டு மூஸா சந்தைக்கு வந்திருந்தான். "உங்க கூட்டாளி கோடியக்கரையில பறவை புடிக்கிற வேலையில சேந்துட்டாரு, மாசச் சம்பளம்"னான். புடிச்சு என்ன பண்றாருன்னு கேட்டேன். "விட்டுர்றாரு"ன்னான். நான் சிரிச்ச சிரிப்புல அவன் தராசு ஆடிப்போச்சு. வீட்டுக்கு வந்தப்புறம்தான் சிரிப்பு நின்னு, பொறாமை ஆரம்பிச்சுது.

ஏன் மச்சான், புடிச்சதை விடுறதுக்கு உனக்குச் சம்பளம் வேற குடுக்கணுமா? நீ எப்பவும் அதைத்தானே செஞ்ச? உப்பு யாவாரத்துக்கு வந்து நம்ம ஊர்ல ஆறு வருஷம் தங்கியிருந்தியே, அப்ப உன் கண்ணியில விழுந்த கொக்கெல்லாம் உன் கையைக் கொத்திட்டுப் பறந்துடும். என் கண்ணியில விழுந்தது, தான் விழுந்ததே தெரியாம நிக்கும். குதிரை வால் முடியை மூணு புரியா முறுக்கணும்னு உனக்குக் காட்டிக் குடுத்தது யாரு? இப்ப வேலை உனக்கு, வேடிக்கை எனக்கு.

நான் கண்ணியைச் சுருட்டிப் பரண்ல போட்டு பதினோரு வருஷம் ஆச்சு. தங்கம்மாதான் காரணம். "காலையிலதான் அது குஞ்சுக்கு ஊட்டுறதைப் பாத்தேன், அதையே கொண்டாந்து நீட்டுனா எப்புடி மசாலா அரைக்கிறது"ன்னு அம்மியை விட்டு எந்திரிச்சுட்டா. அன்னைக்கோட சரி.

உங்க காட்டுக்குப் பூநாரை ஆயிரக்கணக்குல வருதாம். வரட்டும். நம்ம குளத்து வடகரை மேடு ஞாபகம் இருக்கா? கருவேலம், மருதம், இலுப்பை, எல்லாம் சேத்து இருபத்தாறு மரம். கொக்கு, வக்கா, நத்தகுத்தி நாரை, அருவாமூக்கன். போன வருஷம் இருநூத்திப் பதினாலு கூடு. நான் எண்ணுனது. எனக்குச் சம்பளம் கிடையாது.

ஒரு நல்ல சேதி. நம்ம குடிசை நிக்கிற இடத்துக்கு மனைப்பட்டா வந்துட்டுது. நம்பர் போட்டு, பேர் போட்டு, முத்திரை குத்தி. எங்கப்பன் அங்கேயே பொறந்து அங்கேயே செத்தான். ஆனா போன மாசம்தான் அது எங்க இடம்.

இங்க கட்சி ரெண்டாயிட்டுது. டீக்கடையில ஒரு பெஞ்சு கெடந்த எடத்துல ரெண்டு பெஞ்சு. நான் எதுலயும் ஒக்காராம நின்னுக்கிட்டே குடிச்சிட்டு வந்துர்றேன்.

பதில் போடு. எழுத நேரம் இல்லாட்டி, எத்தனை கொக்கை விட்டேன்னு மட்டுமாச்சும் எழுது.

இப்படிக்கு,
உன்னைவிட நல்லா கண்ணி வைக்கிற
வைரக்கண்ணு


786

கோடியக்கரை,
வேதாரண்யம் வழி.
12-11-72

அன்பு மாப்பிள்ளை வைரக்கண்ணுவுக்கு அல்லா பிச்சை சலாம் சொல்லி எழுதுவது.

உன் கடிதத்தைக் கமருன்னிஸாவுக்குப் படித்துக் காட்டினேன். "உங்களைப் பாத்துப் பொறாமைப்படவும் ஒரு ஆள் இருக்காங்களா?" என்று கேட்டாள். முப்பது வருடம் குடும்பம் நடத்தியவள் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வேலையைக் கேட்டிருந்தாய். பம்பாயிலிருந்து ஒரு சார் வந்திருக்கிறார். விடிவதற்கு முன் உப்பளத்து ஓரம் மெல்லிய வலை கட்டுவோம். சிக்கிய பறவையை நான்தான் எடுப்பேன். சார் அதை எடை போடுவார், இறக்கையை அளப்பார், காலில் சின்ன அலுமினிய வளையம் மாட்டுவார். வளையத்தில் ஒரு நம்பர் இருக்கும். ஒரு பதிவேட்டில் அந்த நம்பரை எழுதி, பறவையின் பெயர், இடம், தேதி எல்லாம் எழுதுவார்கள். கடைசிக் கட்டத்தில் பிடித்தவர் பெயர். அதாவது என் பெயர். இதுவரை அறுநூற்று நாற்பது பறவைகளுக்கு நேரே அல்லா பிச்சை என்று இருக்கிறது. உப்பளத்தில் மண் மிதித்துக் கிடந்த காலத்தில் என் பெயரை யாரும் ஒரு தடவைகூட எழுதியதில்லை.

போன வாரம் ஓர் அரிவாள்மூக்கன் சிக்கியது. பெரிய ஆள். வலையில் கிடந்துகொண்டே என்னை முறைத்தது. சரியாக உன் முகம்.

உனக்குப் பட்டா வந்தது எங்கள் இருவருக்கும் பெரிய மகிழ்ச்சி. தங்கம்மாவுக்கும் உன் மகள் அம்சவல்லிக்கும் எங்கள் துவா.

இப்படிக்கு,
அல்லா பிச்சை


தாழங்கொல்லை,
10-12-72

மச்சான்,

உன் காயிதத்தை நாலு தடவை படிச்சேன். நம்பர். பதிவேடு. உன் பேரு. இது என்னன்னு எனக்குத் தெரியாதா?

எங்கப்பனும் நானும் உழுத நெலம் பூரா கணக்குப்புள்ள புஸ்தகத்துல பண்ணையார் பேருலதான் இருந்துச்சு. சேறு எங்க கால்ல, பேரு அவரு பேரு. எங்கேயோ கெடக்குற ஒரு புஸ்தகத்துல எழுதிட்டா ஒரு ஆளு எல்லாத்துக்கும் சொந்தக்காரனாயிடலாம். இப்ப நீயும் பறவைக்குப் பட்டா வாங்க ஆரம்பிச்சுட்ட. அறுநூத்தி நாப்பது. பண்ணையாருக்குக்கூட அவ்வளவு கெடையாதே மச்சான்.

போனாப் போவுது, உங்க ஊர்ப் பறவைக்கு வாங்கிக்கன்னு விட்டுட்டேன். அப்புறம்தான் பாத்தேன், அந்த அருவாமூக்கனை. அருவாளை மூக்குலயே வச்சுக்கிட்டு, எந்தக் கட்சின்னு சொல்லாம நம்ம வயலுக்குள்ள நடந்துக்கிட்டிருந்தான். கால்ல என்னமோ மின்னுச்சு. உன் வளையம். இலுப்பை மரத்துல சுள்ளி அடுக்கிக் கூடு கட்டுறான். நம்ம குளம், நம்ம மரம், நம்ம வயல்ல நத்தை. பட்டா மட்டும் கோடியக்கரை அல்லா பிச்சைக்கு.

நாலு நாள் பொறுத்துப் பாத்தேன். அஞ்சாம் நாள் பரண்ல ஏறிக் கண்ணியை எடுத்தேன். அதே பழைய குதிரை முடிக் கண்ணிதான். வரப்போரம் வச்சேன். விழுந்தான். தங்கம்மாவோட பாக்குவெட்டியால உன் பட்டாவை வெட்டி எடுத்துட்டு விட்டுட்டேன். ஒரு எறகு உதிரல. உன் பம்பாய் சாரைக் கூட்டியாந்து பாக்கச் சொல்லு.

இப்ப அவன் யாரு பேருலயும் இல்ல. வளையத்தை வளைச்சு எங்க சேவல் கால்ல மாட்டிட்டேன். வேணும்னா சேவலுக்கு நேரா உன் பேரை எழுதிக்க.

கோவிச்சுக்காத. கோவிச்சுக்கிட்டாலும் பதில் போடு.

இப்படிக்கு,
பட்டா இல்லாத சொந்தக்காரன்
வைரக்கண்ணு


786

கோடியக்கரை,
24-12-72

வைரக்கண்ணு,

இந்தத் தடவை உன் கடிதத்தைக் கமருன்னிஸாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

பதிவேட்டில் என் பெயர் இருப்பது பறவை எனக்குச் சொந்தம் என்பதற்காக அல்ல. அது எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் வளையம். அதற்கு ஏதாவது ஆகிவிட்டால், யாரிடம் கேட்பது? அதற்குத்தான் பிடித்தவர் பெயர். கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். இதைச் சரியாகச் சொல்லாதது என் தப்பு. பெருமை அடித்துக்கொள்ளும் அவசரத்தில் முக்கியமானதை விட்டுவிட்டேன்.

வளையம் தனியே கிடைத்தால் பறவை செத்துவிட்டது என்றுதான் பம்பாயில் எழுதுவார்கள். அதனால் சாரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அந்தப் பறவை இங்கிருந்து உன் குளத்துக்கு வந்து கூடு கட்டியது என்பது அவருக்கு எவ்வளவு பெரிய சேதி தெரியுமா?

பாக்குவெட்டியால் வெட்டியதாக எழுதியிருக்கிறாய். அதன் கால் எப்படி இருக்கிறது? இதற்கு மட்டுமாவது பதில் எழுது.

அல்லா பிச்சை


தாழங்கொல்லை,
21-1-73

மச்சான்,

ஒரு மாசமா எழுதல. கோவம்னு நெனச்சிருப்ப. கோவம்தான். ஆனா உம்மேல இல்ல.

இங்க வடகரை மேட்டை வெட்டப் போறாங்க. கதையைக் கேளு. நம்ம தெருவுல பதினெட்டுக் குடும்பத்துக்கு இன்னும் மனை இல்ல. செங்கொடிச் சங்கத்துக்காரங்க தாசில்தார் ஆபீசுக்கு நடையா நடந்தாங்க. பண்ணையாரு களத்துமேடு ரோட்டோரம் சும்மா கெடக்கு, உச்சவரம்புக்கு மேல இருக்கிற நெலம், அதைக் குடுங்கன்னு கேட்டாங்க. பண்ணையாரு நோகாம ஒண்ணு சொன்னாரு: "குளத்து வடகரை புறம்போக்குதானே, அங்க குடுங்களேன். கொக்கு எச்ச நாத்தமும் ஒழியும்." ஆச்சு. இருபத்தாறு மரத்துக்கும் தார்ல பட்டை போட்டுட்டுப் போயிட்டாங்க. மாசி பொறந்ததும் வெட்டு. இப்பதான் குஞ்சு வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிது. ஒண்ணுக்கும் பறக்கத் தெரியாது.

ரெவின்யூ இன்ஸ்பெக்டர்கிட்ட போனேன். "இது பறவைங்க குடியிருக்கிற எடம்ங்க"ன்னேன்.

"எந்த ரெக்கார்டுல இருக்கு பெரியவரே?"

"இந்த வருஷம் இருநூத்தி முப்பத்தொரு கூடு. நானே எண்ணியிருக்கேங்க."

"நீங்க எண்ணுனா ஆச்சா? காயிதம் ஏதாச்சும் இருந்தாக் கொண்டாங்க. இல்லாட்டி கொக்கைக் கூட்டியாந்து மனு குடுக்கச் சொல்லுங்க."

கிண்டல் பண்றதுல எனக்கே வாத்தியாரு அந்த ஆளு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வெளியில வந்தப்புறம்தான் ஒறைச்சுது. ஒரே ஒரு பறவை காயிதத்தோட வந்துச்சு மச்சான். அதை நான் பாக்குவெட்டியால வெட்டி எடுத்துட்டேன்.

அந்தப் பதினெட்டுக் குடும்பத்துல நம்ம அம்சவல்லி குடும்பமும் ஒண்ணு. தெரு நடுவுல வச்சுக் கேட்டா: "ஒனக்குப் பட்டா வந்தப்ப எந்தக் கொக்கும் குறுக்க வரல. எனக்கு வரப்ப மட்டும் வருதாப்பா?"   அவளுக்கு மனை வேணும். பண்ணையாருதான் குடுக்கணும், பறவை ஏன் குடுக்கணும்னு வீட்டுக்கு வந்து சுவத்துக்கிட்ட சொன்னேன்.

வளையத்தைத் தேடுனேன். சேவலைப் பொங்கலுக்கு மருமவன் விருந்துக்கு வந்தப்ப அடிச்சுட்டோம். எனக்கு உசுரே போயிடுச்சு. தங்கம்மாதான் வளையத்தைக் கழட்டி அஞ்சறைப் பெட்டியில கடுகோட போட்டு வச்சிருந்தா. இதோட அனுப்பியிருக்கேன். நம்பர் 31472. கடுகு வாசம் அடிச்சா சார்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்க.

வேற ஆளா இருந்தா கால்ல விழுந்து கேட்டிருப்பேன். நீயா இருக்கிறதால இப்படிக் கேக்குறேன். அந்தப் பறவைக்கு ஏதாச்சும் ஆனா, கேக்கறதுக்கு ஒரு ஆள் வேணும்னுதான் உன் பேரு இருக்குன்னு எழுதுன. ஆயிட்டுது மச்சான். வந்து கேளு.

வைரக்கண்ணு


786

கோடியக்கரை,
11-2-73

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்த அன்றே சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதலில் கோபப்பட்டார். பிறகு வளையத்தை முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். கலெக்டருக்கு அவரே ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதினார். இந்த நம்பர் பறவை கோடியக்கரையில் இன்ன தேதியில் விடப்பட்டது, தாழங்கொல்லைக் குளத்தில் கூடு கட்டியது, ஆகவே அந்த மரங்களுக்கும் இந்தச் சரணாலயத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று. வனத்துறையிலிருந்து ஒருவர் நேரில் பார்க்க வருவார். அதுவரை மரத்தில் கை வைக்கக் கூடாது என்று தந்தியும் போயிருக்கிறது.

இன்னொரு விஷயம். சொல்லாமல் விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லித்தான் ஆக வேண்டும். "ஓர் இறகுகூட உதிராமல் கண்ணியில் பிடித்த அந்த மனிதர் யார்? அடுத்த ஐப்பசிக்கு அவரை இங்கே அழைத்து வர முடியுமா?" என்று சார் கேட்டார். எனக்கு வலது கண்ணில் பூ விழுந்திருக்கிறது. போன மாதம் ஓர் உள்ளான் குருவி என் கையை விட்டுப் போயிற்று. சார் பார்த்துக்கொண்டிருந்தார். நீ வந்தால் பறவை எடுப்பது உன் வேலை. பதிவேட்டில் உன் பெயர் வரும். நான் வலைக்கம்பு சுமப்பேன்.

உனக்கு மட்டும்தான் பொறாமை இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளாதே. இங்கே இத்தனை ஆயிரம் பறவை வருகிறது. தின்கிறது, ஓய்வெடுக்கிறது, போய்விடுகிறது. ஒரு கூடு, ஒரு குஞ்சு இங்கே நான் பார்த்ததில்லை. எங்களிடம் விருந்துக்கு வருகிறவை உன் வீட்டு வாசலில் குடும்பம் நடத்துகின்றன. இருநூற்று முப்பத்தொன்று என்று நீ எழுதியதைப் படித்த அன்று எனக்கும் சோறு இறங்கவில்லை. இப்போது வேலையும் உன்னிடம் வரப் பார்க்கிறது.

சாருக்கு என்ன சொல்லட்டும் என்று எழுது.

அல்லா பிச்சை

பின்குறிப்பு: அதன் காலைப் பற்றி நீ இன்னும் எழுதவில்லை.


தாழங்கொல்லை,
1-4-73

என் அல்லா பிச்சை மச்சானுக்கு,

மொதல்ல நல்ல சேதி. ஜீப்புல ஒரு ஆபீசர் வந்தாரு. கூடவே அந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டரும். இலுப்பை மரத்தடியில நின்னு அண்ணாந்து பாத்தாங்க. மேலேருந்து ஒரு வக்காக் குஞ்சு இன்ஸ்பெக்டர் சட்டையில எச்சம் போட்டுது. "மனு குடுத்துருச்சுங்க"ன்னேன். ஆபீசர் சிரிச்சுட்டாரு. மரம் வெட்டுறதை நிறுத்தியாச்சு. இந்த வருஷத்துக்குத்தான், அடுத்த வருஷம் திரும்ப எழுதணுமாம். எழுதுவோம்.

இங்கிட்டு சங்கத்துக்காரங்க மூணு நாள் களத்துமேட்டுலயே சட்டி வச்சுச் சோறாக்கித் தின்னுக்கிட்டு ஒக்காந்துட்டாங்க. வடகரை இல்லைன்னு ஆனப்புறம் தாசில்தாருக்கும் வேற வழி தெரியல. பதினெட்டு மனையும் களத்துமேட்டுலயே அளந்து குடுத்துட்டாங்க. அம்சவல்லிக்குப் பதினோராம் நம்பர். எங்கூட இன்னும் பேசல. ஆனா நேத்து நண்டுக் குழம்பு குடுத்து விட்டிருந்தா. பண்ணையாரு என்னைப் பாத்தா வேட்டியை ஒதறிக்கிட்டுப் போறாரு.

இப்ப உன் சாரு சேதி. வைரக்கண்ணு வர மாட்டான்னு சொல்லிடு. இத்தனை மாசமா வயிறு எரிஞ்சவன் ஏன் வரலன்னு கேட்டா, இங்க கூடு எண்ண ஆள் இல்லைன்னு சொல்லு. நம்ம பறவையைப் பாத்த கண்ணுக்கு உங்க ஊர்ப் பறவை புடிக்கலன்னு சொல்லு. என்ன வேணா சொல்லு.

உனக்கு நெசத்தைச் சொல்றேன். நீ மூணு மாசமா கேட்டுக்கிட்டிருக்க.

ஒரு எறகு உதிரலன்னு எழுதுனேன். அது நெசம்தான். உதிர்ந்தது எறகு இல்ல.

குதிரை முடிக் கண்ணியைப் பரண்ல எலி அரிச்சிருந்துச்சு. இப்ப ஒரத்தநாட்டுல ஜட்காவும் இல்ல, குதிரையும் இல்ல, முடிக்கு எங்க போறது? மூஸாகிட்ட வலை நரம்பு வாங்குனேன், நைலான். எனக்கு அவசரம். உன் பேரு நம்ம மரத்துல ஒக்காந்திருக்கிறதை ஒரு நாள்கூடப் பொறுக்க முடியல. குதிரை முடி இழுத்தா எளகிக் குடுக்கும் மச்சான், உனக்குத் தெரியும். நைலான் குடுக்காது. அவன் ஒதற ஒதற உள்ள எறங்கிட்டுது. நான் ஓடிப் போறதுக்குள்ள எடது கால்ல பின்விரல் போயிட்டுது. வளையம் இருந்ததும் அந்தக் கால்தான். கையெல்லாம் ரத்தத்தோடதான் பாக்குவெட்டியைக் கேட்டேன்.  தங்கம்மா மஞ்சளை அரைச்சுக் கொண்டாந்து குடுத்தா. அன்னைக்கே கண்ணியை அடுப்புல போட்டுட்டேன்.

பெருமையா எழுதினது எல்லாம் அதுக்கப்புறம்தான். அந்த விரலை வரப்புல பொதச்சிட்டு வந்து ஒக்காந்து எழுதுனேன்.

உன் கண்ணுல பூ விழுந்தா ஆபரேசன் பண்ணிக்கலாம். உன் விரல்ல இன்னும் பதம் இருக்கு. ஒரு உள்ளான் தப்பிச்சுப் போச்சுன்னு வெசனப்படுற. தப்பிச்சுத்தானே போச்சு, முழுசாத்தானே போச்சு? நீ எப்பவும் விட்டவன். அந்த வேலைக்கு நீதான் சரி. வலைக்கம்பை வேற எவனாச்சும் தூக்கட்டும்.

முந்தாநாள் கோடை மழை பெஞ்சுது. உளுந்து வெதைக்கலாம்னு ஏர் பூட்டுனேன். நாலு அருவாமூக்கன் பின்னாடியே வந்துச்சு. அதுல அவனும் இருந்தான். குஞ்சு ரெண்டும் பறந்துட்டுது. கொஞ்சம் சாஞ்சாப்புலதான் நடக்குறான், ஆனா நத்தையை மத்தவனுக்கு விடுறதில்ல. என்னைப் பாத்தா மட்டும் ரெண்டு சால் தள்ளியே வர்றான்.

ஈர மண்ணுல அவன் தடம் நல்லா தெரியுது. வலது கால் முழுசு. எடது கால்ல ஒண்ணு கொறைச்சல். அதான் இனிமே அவன் நம்பர். அவன் சாவலன்னு பம்பாய்க்கு எழுதச் சொல்லு. இந்த அடையாளத்தைப் பதிவேட்டுல ஏத்தச் சொல்லு. வளையம் போட்டதுக்கு உன் பேரு அப்படியே இருக்கட்டும். அதுக்குக் கீழ, விரலுக்கு நேரா, என் பேரை எழுதச் சொல்லு மச்சான்.

கேக்கறதுக்கு ஒரு ஆள் வேணும்ல.

வைரக்கண்ணு